அருள்மேரிக்கு ஒரு ஃபேன்

ஊரப்பாக்கம், 11-4-1994
சாயங்காலம் மறுபடி கரண்ட் போயிற்று. போன கையோடு வீட்டுக்காரர் சுப்பராயலு ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டார். நிலம் விற்ற பணத்தில் வாங்கியது. "உங்க வூட்டம்மாவுக்கு மூச்சு வாங்குதே சார், ஃபேன் இல்லாம எப்பிடி?" என்று தன் செலவிலேயே எங்களுக்கும் ஒரு லைன் இழுத்துக் கொடுத்திருக்கிறார். டீசல் புகை நேரே எங்கள் ஜன்னலுக்கு வருகிறது. ஃபேன் அதை அருள்மேரி முகத்தில் வீசுகிறது. சொல்லிவிடுகிறேன் என்றால் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "ஆசையா செஞ்சிருக்காரு. மனசு நோகும். வேணாங்க."

19-4
பொத்தேரி கல்லூரி லேபில் நான் செய்யும் ஃப்யூவல் செல் பற்றி அவளிடம் சொன்னேன். ஹைட்ரஜனும் காற்றும் உள்ளே சேர்ந்து கரண்ட் தரும். எதுவும் எரியாது, புகை கிடையாது, சத்தமும் கிடையாது. வாயு வருகிறவரை பாட்டரி மாதிரி தீர்ந்தும் போகாது.
"அப்போ வெளிய என்னதான் வரும்?"
"தண்ணி."
சிரித்தாள். இருமலில் போய் முடிந்தது.

2-5
செல் ஓடவில்லை. சனியன்.

17-5
ஓடியது! சின்ன ஃபேன்தான் — சுற்றுவதே காதில் விழவில்லை. குழாய் முனையில் சொட்டிய தண்ணீரை மருந்து பாட்டிலில் பிடித்து வந்தேன். குடிக்கட்டுமா என்றாள். லேப் தண்ணீர், வேண்டாம் என்றேன். தீர்த்தம் போல விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

18-5
ஹைட்ரஜன் சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. கசிந்தால் வெடிக்கும் என்கிறார் துறைத்தலைவர். சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் எரிச்சல்.

3-6
தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரல் ரொம்ப நாளாகவே கெட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். புகையால்தானா என்று கேட்க வாய் வரவில்லை.

9-6
போய்விட்டாள்.

10-6
வீட்டில் ஜெபம் நடக்கும்போது கரண்ட் போனது. சுப்பராயலு அழுதுகொண்டே ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். புகை வந்து சவப்பெட்டிமேல் படிந்தது. என்னால் தாங்கவில்லை. "நிறுத்துங்கய்யா! அவளுக்கு அந்தப் புகை ஆகாது!" என்று கத்திவிட்டேன்.
நிறுத்திவிட்டு வந்து நின்றார். "இன்னா சார்... ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கொல்லப்பக்கம் தள்ளி வெச்சிருப்பேனே."

2-7
கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் கொல்லைக்கோடியில் எங்கோ ஓடுகிறது. ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். புகை வரவில்லை. ஃபேன் அவள் கட்டில்மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.