சந்திரகிரியில் வராத கிடார்

ஜூன் 3, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். தயிர் சாதம், ரிப்போர்ட் கவர், வாந்திக்குப் பை. பெட்ரோல் நேற்றே போட்டாயிற்று. சித்தூர் தாண்டும் முன்பே மாங்காய் டிராக்டர் வரிசை, மாங்கூழ் பாக்டரி வாசல் வரை. சனியன்கள், ஒருத்தனும் ஓரம் போவதில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் இவருக்கு வாராவாரம் செவ்வாய் ஊசி. தொண்டையில் கட்டி. மருந்துக் கம்பெனி ரெப்பாக ராயலசீமா முழுக்க வண்டி ஓட்டின மனுஷன், இப்போது பக்கத்து சீட்டில். ஓட்டுவது நான்.

பாட்டு மட்டும் இன்னும் அவர் அதிகாரம். எல்லாம் காலேஜ் ஹாஸ்டலில் பழகின பழைய இங்கிலீஷ் ராக். கல்யாணமான புதிதில் பட்டறைச் சத்தம் என்று திட்டியிருக்கிறேன். இப்போது எல்லாம் எனக்கும் மனப்பாடம். எந்த ரோட்டுக்கு எந்தப் பாட்டு என்று வைத்திருக்கிறார். தடா ஹைவேக்கு வேகமானவை. புத்தலப்பட்டு தாண்டினால் அந்த நீளப் பாட்டு. சந்திரகிரி மலை தெரியும்போது அதில் கிடார் கிளம்பணும். அதற்காக வண்டியை மெதுவாக்கச் சொல்வார், பின்னால் லாரிக்காரன் என்ன திட்டினாலும் சரி.

இன்று மலையும் கிடாரும் கரெக்டாக வந்தன. இவர் முகத்தில் ஒன்றுமில்லை.

"இன்னாமே, கிடாரே வரல? ஸ்பீக்கர் பூட்ச்சா?"

"வருதுங்களே."

"எங்க வருது? வெறும் ட்ரம்முதான் கேக்குது."

வால்யூமை ஏற்றினார். காதே கிழிந்தது. கத்திவிட்டேன்.

டாக்டர் தெலுங்கில் வழக்கமான கேள்விகள். காதில் இரைச்சல் ஏதாவது? "லேதண்டி" என்றார் இவர், இல்லவே இல்லை என்கிற மாதிரி, பட்டென்று.

ஜூன் 7, சனி

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. இவர் இரண்டு இட்லி. வாந்தி இல்லை.

ஒரே பிடிவாதம், கார் ஸ்பீக்கர் மாற்றணுமாம். கடைக்காரர் கதவுப் பலகையைக் கழற்றி, புதுசு மாட்டி, அதே பாட்டைப் போட்டார். கிடார் தெருவுக்கே கேட்டது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப ஓகேவா சார்?"

"இல்லபா. இன்னும் வரல."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "பழசுலயும் தப்பு இல்ல மேடம்" என்றார், மெதுவாக.

காரில் ஏறியதும் பிடித்து உலுக்கினேன். காதில் கொய்ங்கென்ற சத்தம் இரண்டாவது ஊசியிலிருந்தே இருக்கிறதாம்.

"சொன்னா மருந்த மாத்திடுவாங்க சாந்தி. இதுலதான் கட்டி கரையுது."

"அப்போ ஸ்பீக்கர ஏன் மாத்துனீங்க?"

"ஸ்பீக்கரா இருந்துடாதான்னு பாத்தேன்."

அட பாவி மனுஷா. வீடு வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். காது டெஸ்ட். ஸ்கேனும் எடுத்தார்கள், ரிசல்ட் பிறகு.

டாக்டர் சொன்னது: இந்த மருந்தால்தான். போனது திரும்பாது. தொடர்ந்தால் இன்னும் போகும். கீச்சுச் சத்தங்கள் முதலில், அப்புறம் பெண்கள் பேச்சு. வேறு மருந்து உண்டு, ஆனால் இந்தக் கட்டிக்கு அவ்வளவு நிச்சயமில்லை. நீங்களே முடிவு பண்ணுங்கள்.

"காது போனா போவட்டும். ஆளு இருக்கணும்ல?" இவர்தான். சிரித்துக்கொண்டே.

யோசிங்க என்றாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஆள் வேண்டும். செவிடோ எதுவோ, வீட்டில் உட்கார்ந்திருந்தால் போதும். ஊசி ஏறி முடியும் வரை அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பாட்டு வேண்டாம் என்றார். தயிர் சாதம் தொடாமல் அப்படியே திரும்பி வந்தது.

ஜூன் 14, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி: "இன்னாக்கா, இந்தக் கத்து கத்துறே, சண்டையா?" சண்டை இல்லடி, சாப்பிடக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் என் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார். முதுகு காட்டிப் பேசினால் ஒன்றும் போய்ச் சேருவதில்லை.

ஜூன் 16, திங்கள்

டாக்டர் போன். ஸ்கேன் பார்த்தாராம். கட்டி கரையவில்லை. கொஞ்சம் பெரிசாகவே இருக்கிறதாம். நாளை இரண்டு பேரும் வாங்க, பேசலாம் என்றார்.

இவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போனில் யார் என்றார். கேஸ் கம்பெனி என்றேன்.

சோறு குழைந்துவிட்டது. எதற்காக இந்தக் காதைக் கொடுத்தோம்?

ஜூன் 17, செவ்வாய்

மேகமூட்டம், காற்று. டிராக்டர் கூட்டம் இல்லை. இவர் புதுச் சட்டை. இன்று பாட்டு வேணுமாம். புத்தலப்பட்டு தாண்டியதும் அந்த நீளப் பாட்டைப் போட்டார். ட்ரம் அவருக்குக் கேட்கிறது. தொடையில் தாளம், தலையாட்டல், பழைய மாதிரியே.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் வாயால் இவர் கேட்கக் கூடாது, நான்தான் சொல்லணும் என்று வழியெல்லாம் யோசனை. சந்திரகிரி மலை தெரிந்தது, கிடார் கிளம்பியது. அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, உரக்கவே சொன்னேன்.

"கட்டி கரையலியாங்க. பெரிசாய்க்கினு போவுதாம். நீங்க பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

என் தோளைத் தட்டினார்.

"ஆமா சாந்தி, இந்த எடம்தான். இன்னாமா அடிக்கிறான் பாரு!"