கூச்சம் போன கிராணி

29 ஆகஸ்ட் 1943

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களோடு சேர்ந்து ஜப்பான் துரைக்குக் குனிந்து வணங்கிய என் வீட்டுக்காரர், நிமிர்ந்ததும் துரையின் தொப்பையைத் தட்டிக் கொடுத்தாராம். "நாங்க மரவள்ளி தின்னு காயறோம், உனக்கு மட்டும் எப்படிலா இது?"

துரைக்குத் தமிழ் தெரியாது. ஏதோ வாழ்த்து என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். வெள்ளைக்காரத் துரை முன்னால் இருமக்கூடப் பயந்து, இந்தத் தோட்டத்தில் இருபது வருஷம் கணக்கெழுதிக் கிராணி வேலை பார்த்த மனுஷனா இது?

6 செப்டம்பர்

பக்கத்து வீட்டு மாரியம்மாவின் குழந்தை கையிலிருந்த வெல்லத்தைப் பிடுங்கித் தின்றார். குழந்தை கதறியது. இவர் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

18 செப்டம்பர்

சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன என் தம்பி கந்தன் இறந்துவிட்டான். தப்பி வந்த ஒருவன் சொன்னான்.

"செத்துட்டானா? அப்ப அவன் சட்டை எனக்கு" என்றார் இவர்.

அறைந்துவிட்டேன். முதல் தடவை. கந்தனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததே இவர்தானே — "உங்களுக்கு அழுகை வரலையா?" என்றேன். யோசித்துப் பார்த்து, "வரல" என்றார். பொய் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

21 செப்டம்பர்

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வேலப்பன் வந்து இவரிடம் கணக்குக் கேட்டார், ஆட்கள் பெயர் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஞாபகம் கெடலக்கா. கூச்சமும் இரக்கமும்தான் போயிருச்சு. வேணும்னு செய்யல. மூளையில ஏதோ நோவு. பேரு எனக்குத் தெரியல."

வேணும்னு செய்யலையா? அப்ப நான் அறைஞ்சது யாரை?

2 அக்டோபர்

துரைக்குத் தமிழை மாற்றிச் சொல்லப் புதிதாக ஒரு துபாஷி வந்திருக்கிறான். சயாமுக்கு இன்னும் ஆள் வேண்டும், பட்டியல் எழுது என்று துரை சொல்ல, இவர், "போனவன் எவனும் திரும்பல. நீயே போ" என்றார். பாவி, அதையும் அப்படியே மொழிபெயர்த்தான்.

துரை வாளை உருவி இவர் கழுத்தில் வைத்தான். வேலப்பன் காலில் விழுந்தார்: "நோவாளிங்க துரை!" நான் ஓடிப்போய் நின்றேன்.

இவர் வாளைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கே. தேங்கா வெட்டுமா?"

துபாஷி அதையும் சொன்னான். துரை இவர் கண்ணையே வெகுநேரம் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். வேலை போயிற்று. தலை இருக்கிறது.

10 அக்டோபர்

குழாயடியில் வேலாயி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கிராணி ஐயா தைரியம் யாருக்கு வரும்!" என்றாள். ஒரு வாரமாக ஆட்கள் குடியிருக்கும் லயமே இப்படித்தான் பேசுகிறது. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று முடியவில்லை. "தைரியம் இல்ல, வேலாயி. அவருக்கு நோவு."

வேலாயி குடத்தைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் நின்ற இவர், "ஆமா, நோவுதான்" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.