சைகோன் வார்த்தைகள்

கோத்தா திங்கி,
9-10-1932

அன்பு மகள் லூசிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நீயும் மாப்பிள்ளை வாலண்டைனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் அம்மா படுக்கையில் விழுந்து ஏழு வாரம் ஆகிறது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, கால் வீங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அய்யாவு என்னைத் தனியே கூப்பிட்டு, கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்காது கிராணியாரே என்று சொல்லிவிட்டார். ஆறு ஏறிப் பாதை முழுகிக் கிடப்பதால் டவுன் டாக்டரும் வரவில்லை.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் சைகோன் ஊர் வார்த்தை ஒன்று எழுதுவாயே, அதற்காகத்தான் அம்மா தபாலையே பார்த்திருப்பாள். கொம் என்றால் சோறு என்று நீ எழுதிய அன்று எனக்கு மூன்று வேளையும் கொம்தான் போட்டாள். பிரெஞ்சுக்காரர் மெதுவாக என்பதற்குச் சொல்லும் தூஸ்மாங் அவளுக்கு உயிர், இப்போதும் பக்கத்து வீட்டுச் செல்லம் தூக்கி உட்காரவைக்கும்போது தூஸ்மாங் தூஸ்மாங் என்கிறாள், செல்லமும் ஏதோ ஜெபம் என்று நினைத்துக் கூடவே சொல்கிறாள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராமல் போனால் நாமாவது அதன் பாஷையில் நாலு வார்த்தை பேச வேண்டாமா என்பாள். குழந்தை தங்கவில்லை என்று மாப்பிள்ளை ஏப்ரலில் இரண்டு வரி எழுதியிருந்தாரே, அதை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ எழுதவேயில்லை. உன் கோபம் நியாயம்தான். தலைப்பிரசவத்துக்கு வருகிறேன் என்று நீ மார்ச்சில் கேட்டதற்கு, தோட்டத்தில் காய்ச்சல், பாதி ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், என் கிராணிக் கணக்கு வேலைக்கும் நிச்சயமில்லை, வராதே என்று அம்மாவைக் கேட்காமலே நான் பதில் போட்டேன். உனக்குத்தான் வர மனமில்லை என்று அவளிடம் சொன்னேன், பாவி நான், அவளும் நம்பினாள். உன் கடிதம் நின்றதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. படிக்கத் தெரியாதவள்தானே என்று மாதம் ஒரு வெற்றுத் தாளை எடுத்து உன் கடிதம் மாதிரி வாசித்துக் காட்டினேன், பிள்ளை குப்புற விழுந்தது என்றேன், பல் முளைத்தது என்றேன். வார்த்தை எங்கே என்று கேட்பாளே, பெலூரா என்றால் தொட்டில், தாமினோ என்றால் தூறல் என்று வாய்க்கு வந்ததைச் செய்து கொடுத்தேன். அதையும் மனப்பாடம் பண்ணி, படுத்தபடியே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள்.

நேற்று மத்தியானம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அந்த ஊரில் குழந்தையை வா என்று எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். அத்தனை பொய் செய்தவனுக்கு இது ஒன்று செய்ய வரவில்லை. லூசியைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

இதைக் கண்டதும் கப்பல் ஏறு. சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு நானே வருகிறேன். நடந்ததை அவளிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு, நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். வர முடியாவிட்டால் அவள் கேட்ட அந்த வார்த்தையை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு, அவளுக்குக் காது கேட்கும்போதே வாசித்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், பச்சைத் தண்ணீரில் தலை முழுகாதே. உன் மடி மறுபடி நிறைய மாதா இரங்கட்டும். வா தாயே. மார்ச்சில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

உன் அப்பா,
தோமஸ்