மூன்று மிம்பாக்கள்

ஆஷ்லம் மாளிகை, யார்க்ஷயர்
3 மார்ச் 1791

என் ஹென்னிக்கு,

நீ கப்பலேறி ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு கடிதம், அதிலும் முக்கால்வாசி நீ வாந்தியெடுத்த கதை. கல்யாணமாகி ஜமைக்கா போனதோடு எங்களைத் தலைமுழுகிவிட்டாயா? பெரியப்பா தினமும் காலையில் "என் பொண்ணுகிட்டேருந்து லெட்டர் வந்துதா?" என்று கேட்கிறார். இல்லையென்று சொல்லும் பாவம் என் தலையில்தான் விடிகிறது.

இங்கே எதுவும் மாறவில்லை. போன வாரம் ஆயர் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். மிஸஸ் கிராப் இரண்டு நாள் முன்னதாகவே சாவிக்கொத்தோடு என் அறைக்கு வந்து, "மிஸ் ஜூடித், வியாழக்கிழமை உங்களுக்குத் தலைவலி. மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தனக்கு எந்தக் கிழமை தலை வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பெண் இங்கிலாந்திலேயே நான் ஒருத்திதான். நீ இருந்தபோது "எனக்கும் தலைவலி" என்று மாடிக்கு ஓடி வந்துவிடுவாய். இப்போது ஆறிப்போன வாத்துக்கறி மட்டும்தான் வருகிறது.

போகட்டும். இதற்காக நான் எழுதவில்லை, ஹென்னி. ஒன்று கேட்க வேண்டும், கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் வளவளவென்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ வாழப்போயிருக்கும் டாரல் தோட்டம்தான் நான் பிறந்த இடம். என் அப்பா கப்பல் தலைவராக இருந்தபோது, காய்ச்சலோடு உன் மாமனார் வீட்டில் போய்ப் படுத்தார். அவரைப் பார்த்துக்கொண்ட அடிமைப் பெண் என் அம்மா. பெயர் மிம்பா. நான் பிறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. எனக்கு நான்கு வயதானதும் அப்பா என்னை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, தன் அண்ணன் வீட்டில், உன் கட்டிலில், உன் பக்கத்தில் கிடத்தினார். அதற்கப்புறம் அவளைப் பற்றிக் கேட்டால் பெரியப்பா, "அதெல்லாம் இப்போ எதுக்கும்மா?" என்பார். அப்பா இறந்த பிறகு அவரிடமும் கேட்க முடியாமல் போயிற்று.

இப்போது அந்தத் தோட்டத்துக்கு எஜமானி நீ. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார். இருந்தால் உன் கணவரிடம் சொல்லி அவளுக்கு விடுதலை வாங்கிக் கொடு. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. ஒரு ரிப்பன்கூட நீயாகத்தான் தந்திருக்கிறாய். இதை மட்டும் செய்.

உன்
ஜூடி


மவுண்ட் டாரல், ஜமைக்கா
20 ஜூன் 1791

என் செல்ல ஜூடிக்கு ஆயிரம் முத்தங்கள்.

அடி அசடே, இதைக் கேட்கவா இவ்வளவு தயக்கம்? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். எட்மண்ட் பயந்துபோய் மருத்துவருக்கு ஆள் அனுப்பப் பார்த்தார்.

நல்ல செய்தி சொல்லட்டுமா? உன் அம்மா இருக்கிறாள்! இதே வீட்டில்தான் இருக்கிறாள்! தினமும் எனக்குத் தலைவாரி விடுகிறவளே அவள்தான். ஒல்லியாக, நெடுநெடுவென்று, உன்னைப் போலவே புருவம். எனக்கு இங்கே வெயிலும் கொசுவும் சேர்ந்து உயிரை எடுக்கின்றன. அவள் கை பட்டால்தான் தலைபாரம் இறங்குகிறது. இன்னொன்று, எனக்கு டிசம்பரில் குழந்தை பிறக்கப்போகிறது. அப்பாவிடம் பக்குவமாகச் சொல், துள்ளிக் குதித்துக் காலை முறித்துக்கொள்ளப் போகிறார்.

எட்மண்டிடம் பேசினேன். அவர் மறுக்கவே இல்லை. "தாராளமா விடலாமே. ஆனா உன் தங்கச்சியும் நமக்கு ஒரு உபகாரம் பண்ணட்டும். அவ எழுத்துதான் முத்து முத்தா இருக்குமே" என்றார். விஷயம் இதுதான். அங்கே சிலர் எங்கள் சர்க்கரையைச் சாப்பிட்டால் பாவம் என்று வீடு வீடாகச் சொல்கிறார்களாமே? அடிமை வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி மனுவில் கையெழுத்து வேறு வாங்குகிறார்களாம். அதற்கு நீ ஒரு பதில் எழுத வேண்டும். தோட்டத்தில் பிறந்தவள், கறுப்புத் தாயின் மகள், ஒரு பிரபு வீட்டில் சீரும் சிறப்புமாக வளர்ந்தவள் நீ. நீயே "எங்கள் ஜனங்கள் அங்கே நன்றாக இருக்கிறார்கள்" என்று எழுதினால் அப்புறம் யார் வாய் திறப்பார்கள்? என்னென்ன எழுத வேண்டும் என்று எட்மண்ட் குறித்துக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இருக்கிறது. அது அச்சில் வந்ததும் மிம்பாவுக்கு விடுதலைப் பத்திரம். என் கணவர் சொன்ன சொல் தவற மாட்டார்.

நான்கு பக்கம் எழுதுவது உனக்கு ஒரு வேலையா? உன் அம்மாவுக்காக எழுது. எனக்காகவும்தான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
ஹென்னி


ஆஷ்லம்
2 செப்டம்பர் 1791

ஹென்னி,

எழுதிவிட்டேன். உன் கணவர் சொன்ன யார்க் நகரப் பத்திரிகைக்கு இன்றே போகிறது. உனக்கு ஒரு நகல் வைத்திருக்கிறேன்.

வாய் கூசாமல் எழுதினேன். நான்கு வயதில் அந்த ஊரை விட்டு வந்தவளுக்கு அங்கே ஜனங்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்களா, சாட்டையடி உண்டா இல்லையா என்று என்னடி தெரியும்? ஆனால் உன் கணவர் குறித்துக் கொடுத்த எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். "எஜமானர்கள் தகப்பனைப் போல நடந்துகொள்கிறார்கள்" என்று எழுதும்போது மட்டும் சிரித்துவிட்டேன். தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் தகப்பன் போலவா, தகப்பனேயா என்று உன் கணவரைக் கேள். கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

பெரியப்பா படித்துப் பார்த்து என் தலையைத் தடவி, "நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நிரூபிச்சுட்டே" என்றார். இருபத்தொரு வருடமாக இதை நிரூபிக்க நான் பட்ட பாடெல்லாம் போதவில்லை, பொய் எழுதிய பிறகுதான் போதுமானதாயிற்று.

என்னை மன்னித்துக்கொள்ள ஒரு வழிதான் இருக்கிறது. அவள் அந்தத் தோட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் இந்த நான்கு பக்கத்தையும் எப்படியாவது ஜீரணித்துக்கொள்வேன். என்னைப் பற்றி அவளிடம் சொன்னாயா? என்ன சொன்னாள்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜூடி


மவுண்ட் டாரல்
14 ஜனவரி 1792

என் ஜூடி,

பையன்! டிசம்பர் ஒன்பதாம் தேதி, மூக்கும் முழியுமாக, அப்படியே எட்மண்ட்! நான் இன்னும் படுக்கையில்தான், ஆனால் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை இங்கே எல்லாத் தோட்ட முதலாளிகளும் கையில் வைத்துக்கொண்டு கொண்டாடுகிறார்கள். எட்மண்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். மிம்பாவுக்கு விடுதலை கொடுத்தாயிற்று! பத்திரத்தின் நகலை இத்துடன் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இனிமேலாவது நிம்மதியாக இரு. பழசையெல்லாம் கிளறாதே.

குழந்தை அழுகிறான். அப்புறம் எழுதுகிறேன்.

ஹென்னி


ஆஷ்லம்
5 ஏப்ரல் 1792

ஹென்னி,

பத்திர நகல் வந்தது. நீ அதைப் படித்துவிட்டுத்தான் அனுப்பினாயா?

நான் படித்ததை அப்படியே எழுதுகிறேன். "மிம்பா என்னும் கறுப்பினப் பெண். வயது எழுபதுக்கு மேல். இடக்கண் பார்வை இல்லை. எந்த வேலைக்கும் உதவாதவள்."

என் அம்மாவுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. ஒல்லியாக, நெடுநெடுவென்று, என் புருவத்தோடு உனக்குத் தலைவாரி விடுகிறாள் என்று நீயேதான் எழுதினாய். ஏழு மாதத்தில் அவளுக்கு முப்பது வயது கூடிப்போய்க் கண்ணும் அவிந்துவிட்டதா?

யாரை விட்டீர்கள்? எதற்காக விட்டீர்கள்? கஞ்சி ஊற்ற மனமில்லாத கிழவியை வெளியே தள்ளிவிட்டு, அதை என் தலையில் விடுதலை என்று கட்டப் பார்க்கிறீர்களா?

இங்கே என்ன நடந்தது தெரியுமா? நம் அறையைச் சுத்தம் செய்வாளே நான்சி, அவள் ஒரு வருடமாகச் சர்க்கரையைத் தொடவில்லை. மற்ற வேலைக்காரிகளெல்லாம் கேலி செய்தும் கேட்கவில்லை. போன மாதம் என் எதிரிலேயே டீயில் இரண்டு கட்டி போட்டுக் கலக்கினாள். "என்னடி நான்சி?" என்றேன். "நீங்களே எழுதிட்டீங்களே மிஸ், அங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு. நாந்தான் பைத்தியக்காரி மாதிரி ஒரு வருஷம் கசப்பு டீ குடிச்சேன்" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. இப்படி ஒரு பெண்ணின் மனசைக் கெடுத்துத்தான் நான் என் அம்மாவை மீட்கப் பார்த்தேன், அவளும் வரவில்லை.

தவறு நடந்திருந்தால் உடனே திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த கப்பலில் நானே புறப்பட்டு வந்து என் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போவேன்.

ஜூடித்


மவுண்ட் டாரல்
2 ஜூலை 1792

அன்புள்ள ஜூடி,

எவ்வளவு கோபம்! இப்படியெல்லாம் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பாலே வற்றிவிட்டது.

பொறுமையாகக் கேள். இங்கே மிம்பா என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை பிறந்த பெண் குழந்தைக்கெல்லாம் இவர்கள் அதே பெயரைத்தான் வைக்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய? கிழவி மிம்பா, கரும்பாலை மிம்பா, வீட்டு மிம்பா. எட்மண்ட் மிம்பாவை விடுவதாகச் சொன்னார், மிம்பாவை விட்டார். அவர் சொல் தவறவில்லை.

சரி, உன்னிடம் எனக்கென்ன ஒளிவுமறைவு? எனக்காகத்தான் அவர் அப்படிச் செய்தார். குழந்தை உன் அம்மா கையைத் தவிர யார் கையிலும் நிற்பதில்லை. அவளும் அவன்மேல் உயிராக இருக்கிறாள். அவளை அனுப்பிவிட்டு இந்தக் காட்டில் நான் என்ன செய்வேன்? என் இடத்தில் நீ இருந்தால் விடுவாயா? சத்தியமாகச் சொல். அந்தக் கிழவிக்கும் நல்லது செய்ததாகத்தான் நினைத்தோம். ஆனால் பாவம், இரண்டு நாள் தோட்டத்து வாசலிலேயே உட்கார்ந்து, "நான் எங்க போவேன், யாரு எனக்குச் சோறு போடுவா?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டாளாம். பிறகு காணோம்.

உன்னைப் பற்றி உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ கப்பலிலேயே அம்மை கண்டு இறந்துவிட்டதாக அந்தக் காலத்திலேயே அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அழுது தீர்த்து ஆறிப்போயிருப்பாள். இப்போது போய் எதற்குக் கிளற வேண்டும்? ஒரு நாள் என் பையனைத் தூக்கிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. இதை நல்லதுக்குத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இங்கே வரவே வராதே. உன் அப்பா உன்னைக் கொண்டுபோனபோது உன்னை விடுவித்ததாக எந்தக் காகிதமும் எழுதி வாங்கவில்லையாம். கனவான்களுக்குள் வாய்ச்சொல் போதும், எழுதிக் கேட்டால் அவமானம் என்று உன் அப்பாவும் என் மாமனாரும் விட்டுவிட்டார்களாம். அதனால் தோட்டத்து அடிமைகளின் பெயர்ப் பட்டியலில் வருடாவருடம் உன் பெயர் வருகிறது. "ஜூடித், வீட்டு மிம்பாவின் மகள், கடலுக்கு அப்பால்." எட்மண்ட் அதை எனக்குக் காட்டினார். "கரையில காலை வச்சாள்னா அவ நம்ம சொத்து. உன் தங்கச்சிகிட்ட சொல்லி வை" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இருக்கும்வரை உனக்கு ஒன்றும் வராது. நீ சமர்த்தாக இருந்தால் போதும்.

எப்போதும் உன் அன்பு அக்கா
ஹென்னி


யார்க்
24 செப்டம்பர் 1792

லேடி டாரல் அவர்களுக்கு,

உங்கள் ஜூலை மாதக் கடிதம் கிடைத்தது. பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கோபத்துல எதையும் செஞ்சுடாதேம்மா, வீட்டுப் பேரு கெட்டுடும்" என்றார். நான் யாருடைய சொத்து என்று அவரைக் கேட்டேன். மிஸஸ் கிராப்பைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இங்கே ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையும், மேல்மாடியில் ஒரு அறையும் கிடைத்திருக்கின்றன.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் விடுவேனா என்று கேட்டிருந்தீர்கள். நான் இருப்பது என் அம்மாவின் இடத்தில். அவள் இருக்கும் அதே பட்டியலில், அவள் பெயருக்கு அடுத்த வரியில். ஒரே கட்டிலில் பதினைந்து வருடம் படுத்தவளிடம் இதை எழுத உங்களுக்கு மனம் வந்ததே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உன்னை நான் எவ்வளவு நேசித்தேன், ஹென்னி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு கடிதங்களை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்று நான் எழுதியது. போன வருடம் நான் எழுதியதெல்லாம் பொய் என்றும், எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்றும் அதில் இருக்கிறது. இன்னொன்று நீங்கள் ஜூலையில் எழுதியது. ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. கிழவி மிம்பா வாசலில் உட்கார்ந்திருந்தது, உங்கள் கணவர் சிரித்தது, பட்டியலில் என் பெயர், எல்லாம் உங்கள் வாயாலேயே வருகிறது. அச்சுக் கோக்கிறவர் பாதியில் நிறுத்தி, "இதை நெஜமாவே பிரியமாத்தான் எழுதியிருக்காங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இனி என் அம்மாமேல் கை வைத்தால் ஊர் கேட்கும். டாரல் தோட்டத்து வீட்டு மிம்பா, வயது நாற்பத்திரண்டு, எஜமானியின் குழந்தையைத் தூக்குகிறவள் என்று அச்சில் தெளிவாக இருக்கிறது. அவளை விற்றாலும் அடித்தாலும் எந்த மிம்பா என்று இந்தத் தடவை யாரும் குழம்ப மாட்டார்கள். இது அவளைக் காப்பாற்றுமா, மாட்டிவைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பயத்தில் நான்கு நாள் அச்சகத்துக்குப் போகாமல் இருந்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக இருந்து அவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

அவளிடம் நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் வருகிற கப்பலிலேயே கட்டுக் கட்டாக அச்சிட்ட பிரதிகளும் வருகின்றன. உங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த கறுப்பர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் அவளைத் தேடிப் போய், அவள் மகள் கப்பலில் சாகவில்லை என்று வாசித்துச் சொல்லுவார்.

இப்படிக்கு,
வீட்டு மிம்பாவின் மகள்
ஜூடித்