மருந்தில் முக்காத ஆறு கூடை

தலைச்சோலை
22.1.1988

அன்பு மகள் காவேரிக்கு, சேர்வராயன் மலையின் பழ வைத்தியச் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பன் பொன்னுவேல் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, உங்கம்மா, சினை மாடு உட்பட அனைவரும் சுகம். அங்கே நீ சுகமா, ரொட்டியை மட்டும் தின்று நூலாகிவிட்டாயா என்பதை உடனே எழுது. உங்கப்பாவுக்குப் பேனாவைத் தொட்டாலே கை வீங்கிவிடும் என்பதால் வழக்கம்போல நானே எழுதுகிறேன்.

நீ கேட்ட ஆரஞ்சு விஷயம். போன வருஷம் மார்கழியில் பறித்து அடுக்கிய கமலா ஆரஞ்சு, பொங்கல் கழித்து வியாபாரி லாரி வருவதற்குள் பாதிக்கு மேல் பச்சைப் பூசணம் பிடித்துப் போனதும், கூடையைத் தட்டியபோது எழும்பிய தூசியில் ஏற்காடே கொஞ்ச நேரம் காணாமல் போனதும் உனக்குத் தெரியும். இந்த வருஷமும் அப்படியானால் நாற்பது மரத்தையும் வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைத்து மிளகுக் கொடி ஏற்றுவது என்று உங்கப்பா முடிவு கட்டி, எஸ்டேட் ரைட்டர் மாதேஸ்வரனிடம் நாற்றுக்கும் சொல்லிவிட்டார். ஆகவே நீ நாக்பூர் ஆரஞ்சு ஆராய்ச்சி ஆபீசிலிருந்து எழுதிய வேப்பிலை, துளசிச் சாறுதான் கடைசி நம்பிக்கை. துளசி வாசலிலேயே இருக்கிறது. வேம்புக்கு அடிவாரம் போய் இரண்டு மூட்டை பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் மூட்டையைப் பார்த்ததும், "ஏனுங்க, ஊட்ல யாருக்குங்க அம்மை?" என்று பத்தடி தள்ளி நின்று டிக்கெட் கொடுத்தார். மலை உச்சி வரை மூன்று பேர் சீட்டில் நான் ஒருவனே மகாராஜாவாக வந்தேன். இலையை இடித்து, ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பழத்தை முக்கி, நிழலில் ஒவ்வொன்றாக ஈரம் போக உலர்த்தினோம். அந்தக் கசப்பு வாடைக்குக் காக்கைகள் சேலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போயின. நீ சொன்னபடியே ஆறு கூடை முக்கினோம், மருந்தின் யோக்கியதை தெரிவதற்காக ஆறு கூடை முக்காமல் விட்டோம். மருந்தில் முக்கிய கூடைகளுக்குச் சிவப்புக் கயிறு கட்டி அறையைப் பூட்டியது உங்கப்பாவேதான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பொங்கல் முடிந்து திறந்தோம். கயிறு கட்டிய கூடைகளில் தேடினாலும் பத்துப் பழம் கெடவில்லை. நான் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன். அடுத்த ஆறு கூடையைக் கவிழ்த்தார் உங்கப்பா, அதிலும் பத்துப் பழம் கெடவில்லை. "பாத்தியாடா பொன்னுவேலு, உன்ற வேப்பந்தண்ணி படாத பழமும் கல்லாட்ட இருக்குது. இந்த வருசப் பனிக்குப் பழம் தானாவே நிக்குதுடா. இதுக்கா அந்தப் புள்ள நாக்பூர் வரைக்கும் போச்சு?" என்று சிரித்தார் பார். நேராக அடுப்படிக்குப் போனேன். உங்கம்மா தலையை நிமிர்த்தாமல் ராகிக் களியையே கிண்டிக்கொண்டிருந்தாள். என்னங்க அண்ணி என்றேன். "கோவிச்சுக்காதீங்க கொழுந்தனாரே. உங்க அண்ணன் மாரமங்கலத்துக் கருமாதிக்குப் போய் மூணு நாள் தங்குனாருங்கல்ல, சாவி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. எல்லாம் ஒரே மரத்துப் பழமுங்க. பாதிக்கு மருந்து குடுத்துப்போட்டுப் பாதியச் சாவட்டும்னு உட மனசு கேக்கலீங்க. மிச்ச எலைய இடிச்சு அதையும் முக்கி வெச்சுட்டேனுங்க" என்றாள்.

உங்கப்பாவிடம் உண்மையை உடைக்கத்தான் தோட்டத்துக்கு ஓடினேன். அங்கே அவர் மாதேஸ்வரனிடம், "நாத்து வேண்டாமுங்க. தானா நிக்கிற பழத்த வெச்சுக்கிட்டு எவனாச்சும் மரத்த வெட்டுவானுங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்து நாற்பத்தெட்டு வருஷத்தில் முதன்முதலாக என் வாயை நானே மூடினேன். ஆனால் அடுத்த மார்கழிக்கு மருந்தே வேண்டாம் என்கிறாரே, பூசணம் பிடித்தால் மறுபடி கோடாலியைத் தேடுவாரே என்று உங்கம்மாவிடம் புலம்பினேன். அவள் அசையவில்லை. "பறிச்ச பழத்தக் கழுவி வெக்கிறது எங்க வேலைங்க. எந்தத் தண்ணீல கழுவுனீன்னு உங்க அண்ணன் இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் கேட்டிருக்காருங்களா?" என்றாள்.

ஆகவே கண்ணு, உங்கப்பாவுக்கு எழுதும்போது மரம் நிற்பது சந்தோஷம் என்று மட்டும் எழுது. மருந்துப் பேச்சே வேண்டாம், உன் கடிதத்தை அவருக்கு மாதேஸ்வரன்தான் உரக்கப் படிக்கிறவன். உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்று. உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை, சேர்வராயன் உன்னைக் கண்போலக் காப்பான். முக்கியமாக ஒன்று, உன் ஆபீஸ் நோட்டில் பொய்க்கணக்கை எழுதிவிடாதே சாமி. முக்காத ஆறு கூடை என்ன ஆயிற்று என்று ஆபீசர் கேட்டால், அதையும் எங்கம்மா காப்பாற்றிவிட்டாள் என்று உள்ளபடியே எழுது.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
பொன்னுவேல்