மாலை போட்டு மாட்டிய மூடி

என் ஆசை வீட்டுக்காரருக்கு,

உங்கள் படம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிறது. இட ஒதுக்கீட்டுக்காக மறியலில் உயிர்விட்ட தியாகியாம் நீங்கள். நம் கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு உங்களை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் என் தோள் கொஞ்சம் தெரிகிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறியல் எந்தப் பக்கம் நடந்தது என்றாவது உங்களுக்குத் தெரியுமா? வடக்கனந்தல் ரோட்டை மறிக்கப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தபோது நீங்கள் பட்டறையில் மிஷின் முன்னால் நின்றீர்கள். கல்வராயன் மலையடிவாரத்துக் கருங்கல்லைச் சின்ன வில்லைகளாக அறுத்து, மாதிரிக்கு மெட்ராஸ் அனுப்புவதுதானே உங்கள் வேலை. ரோடு திறந்ததும் முதல் லாரியில் வில்லைகள் ஏறிவிட வேண்டும் என்று முதலாளி விரட்டினார். மறியலில் கேட்டது நியாயம்தான், நம் பிள்ளைக்கும் படிப்பும் வேலையும் வேண்டும். ஆனால் நீங்கள் அதற்காகச் சாகவில்லை.

நீங்கள் செத்தது ஒரு மாலைக்காக. ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழுவி, கல்லறுக்கும் சக்கரத்தை மூடியிருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சாமி படத்துக்குக் கீழே மாட்டினீர்கள். பூஜை மாலை தானாக வாடி உதிரும் வரை தொடக்கூடாது என்பது உங்கள் பட்டறை வழக்கம். சரி, தொட வேண்டாம். அதற்காக மூடி இல்லாமல் சக்கரத்தைச் சுற்ற விடுவதா? எந்தச் சாமி இதைக் கேட்டது?

மற்றதில் எல்லாம் என்ன கெட்டிக்காரத்தனம்! சக்கரத்தை மாட்டுவதற்கு முன்னால் மரக்கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பீர்கள். விரிசல் இருந்தால் மந்தமாகக் கேட்கும் என்று சோறு போடும்போது என்னிடம் பெருமையடிப்பீர்கள். தண்ணீர் ஓடாமல் ஒரு கல்லையும் அறுத்ததில்லை. அன்று கல்லைப் பிடித்திருந்த கிளாம்பு நெகிழ்ந்தது, கல் புரண்டது, சக்கரம் மாட்டிக்கொண்டு உடைந்தது. மூடி இருந்திருந்தால் துண்டு அதில் மோதி விழுந்திருக்கும். மூடி சுவரில் மாலையோடு தொங்கியது. துண்டு உங்கள் கழுத்துக்கு வந்தது.

நான் ஓடி வருவதற்குள் உங்களைத் தூக்கிப்போய் வெட்டிய மரத்துக்குப் பக்கத்தில் கிடத்தி, மறியலில் செத்ததாகச் சொல்லிவிட்டார்கள். முதலாளியின் யோசனை அது. உங்கள் தம்பி ஏழுமலை தலையாட்டினார். அவருக்கு அண்ணன் தியாகி, முதலாளிக்குப் பட்டறை சுத்தம். பட்டறையில்தான் செத்தார் என்று நான் கத்தினேன். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லி என்னை வீட்டுக்குள்ளே தள்ளினார்கள்.

இப்போது கேளுங்கள். அந்த மிஷினில் ஏழுமலை நிற்கிறார். மாலை உதிர்ந்து எத்தனையோ நாளாயிற்று, மூடியை மட்டும் யாரும் எடுத்து மாட்டவில்லை. நேற்று நேரிலேயே போய்க் கேட்டேன். முதலாளி ரொம்பப் பொறுமையாக விளக்கினார்.

"இப்ப போய் மூடிய மாட்டுனா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? இங்கதான் ஏதோ நடந்துச்சுன்னு ஆயிடும்மா."

ஏழுமலையிடம் திரும்பினேன். கல்லைக் கிளாம்பில் இறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மூடி போட்டா எங்கண்ணன் தியாகி இல்லன்னு ஆயிடும் அண்ணி. அது வாணாம்."

பிறகு சுவிட்சைப் போட்டார். ஒதுங்கி நிற்கக்கூடத் தெரியவில்லை, சக்கரத்துக்கு நேராகவே நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவ்வளவு ஆசையும்தான். உயிரோடு இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அடுத்த வாரம் உங்களுக்கு நினைவுக் கல் நடப் போகிறார்கள். மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டாம். உட்கார்ந்து அழுதால் போதும் என்று நினைக்கிறார்கள். நான் எழுந்து பேசுவேன். இவர் எந்த மறியலுக்கும் போகவில்லை, வாடாத ஒரு மாலையைத் தொடப் பயந்து செத்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். ஊர் சிரிக்கும். உங்கள் பெயர் கெடும். சுவரில் இருக்கும் படத்தைக் கிழிப்பார்கள். கிழிக்கட்டும், அந்த மூடி மிஷினில் ஏறும் வரை நான் வாயை மூட மாட்டேன். சத்தியம்.

நீங்கள் செத்தாயிற்று, இனி உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் தம்பிக்கு இன்னும் கழுத்து இருக்கிறது.

ஏழுமலைக்கு அண்ணி, உங்களுக்கு இன்னமும் பொண்டாட்டி,
அஞ்சலை