தண்ணீர் போன்ற ஆயில்

மகளே சுபத்ரா, படப்பை ஷெட்டில் உன் டாக்ஸிக்கு ஆயில் மாற்றிய அன்று நீ, நான், பேத்தி தேவதர்ஷினி, என் தம்பி குப்புராஜ், மெக்கானிக் பிரசன்னா இருந்தோம். எல்லோரும் சுகமா? மஸ்கட்டில் நான் சுகம்.

நேற்று முதலாளியம்மா காரில் கண்ணயர்ந்துவிட்டேன். எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. கனவில் நீ ஓட்ட, திருநீர்மலை ஏரிமேல் மிதந்து போவதுபோல இருந்தது. சிந்தெடிக் ஆயிலாம். மெல்லியதாக இருப்பதால், ஸ்டார்ட் ஆனதும் உள்ளே எங்கும் ஓடி, எஞ்சின் தேயாமல் காக்குமாம்.

பிரசன்னா அன்று ஊற்ற வந்ததும் அதுதான். "இன்னாடா, தண்ணி மாரி கீது? கெட்டியா ஊத்து" என்று தம்பி தடுத்தான். அதை நம்பி, ஏமாற்றப் பார்த்தான் என்று பிரசன்னாவை மூன்று வருடம் திட்டினேன். இனித் திட்டமாட்டேன்.

எஞ்சின் கெடுவதற்குள், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் சிந்தெடிக்கையே ஊற்றச் சொல். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எனக்குப் போன் போடு. பேசவேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

இங்கே முதலாளியம்மாவின் குழந்தை அழுகிறது, எழுந்திருக்கிறேன். மன்னிக்கமாட்டேன் என்று சொல், குப்புராஜிடம்.